மெசினுக்கு ஊசி போடுகிறவள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஊசி போடுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். மனிதருக்கு அல்ல, மெசினுக்கு. அது தெரியாமல் அவளிடம் முழங்காலைக் காட்டிக்கொண்டு போய் நின்றவள் எங்கள் ராசம்மா.

அப்போது சுதர்ஷினி டவுனிலிருந்து லயத்துக்குத் திரும்பி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வீட்டு வரிசையில் அவளுடைய காம்பரா என் காம்பராவுக்கு அடுத்தது. நடுவில் ஒரே சுவர். அவள் இருமினால் எனக்குக் கேட்கும், நான் முணுமுணுத்தால் அவளுக்குக் கேட்கும். ராசம்மா தண்ணீர்க் குடத்தோடு போகும்போது திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள். சுதர்ஷினி கையில் ஊசி. விரலெல்லாம் ரத்தம் மாதிரி சிவப்பு. அவ்வளவுதான். குடத்தை வாசல் இஸ்தோப்பிலேயே இறக்கி வைத்துவிட்டு, சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"ஏன் புள்ள, டவுன்ல நர்ஸ் வேலையா பாத்த? சொல்லவே இல்லையே. இந்தக் காலுக்கு ஒன்னு போட்டு விடு."

"ஐயோ சித்தி, இது மெசினுக்கு."

"மெசினுக்கு என்ன வருத்தம்?"

"மை இல்லாத வருத்தம்."

ராசம்மா நம்பவில்லை. "மெசினுக்குப் போட்டு மிச்சம் இருந்தா எனக்குப் போடு" என்று சொல்லிவிட்டுத்தான் குடத்தைத் தூக்கினாள். அன்று சாயங்காலத்துக்குள் மேல்லயம் வரைக்கும் செய்தி போய்விட்டது. அடுத்த நாள் இருமலோடு ஒருவர், கைக்குழந்தையோடு ஒருத்தி என்று வந்து நின்றார்கள். நான்தான் இஸ்தோப்பில் உட்கார்ந்து எல்லாரையும் திருப்பி அனுப்பினேன்.

சுதர்ஷினியை அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அவள் அம்மாவும் நானும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். இவள் பத்தாம் வகுப்புக்கு மேலேயும் படித்தாள். விடியற்காலைப் பெரட்டில் நின்று தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்க மட்டும் சம்மதிக்கவில்லை. அட்டைக்குப் பயம் என்று அவள் சொன்னாள். விடியற்காலை எழும்பப் பயம் என்று அவள் அம்மா சொன்னாள். இரண்டும் உண்மைதான்.

அப்படித்தான் ஹட்டன் டவுனில் மஃறூப் முதலாளி கடைக்கு வேலைக்குப் போனாள். போட்டோகொப்பி எடுப்பது, பாஸ்போட் படம் அடிப்பது, ஆட்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, எல்லாம் அங்கே. பிறகு எல்லாரும் படத்தையும் கடிதத்தையும் போனுக்குள்ளேயே வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். முதலாளி கடையைப் போன் கடையாக மாற்றிவிட்டார். நல்ல மனிதர். வெறுங்கையோடு அனுப்பவில்லை. கடையில் கிடந்த ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு பிரிண்டரையும் அவளுக்கே கொடுத்துவிட்டார்.

"மகள், இந்த மெசின் வாங்குறது பெரிய விசயமில்ல. இதுக்குப் புது மை வாங்குறதுதான் விசயம். அந்தக் காசுக்கு இன்னொரு மெசினே வாங்கலாம். நான் கடையில செஞ்ச மாதிரி ஊசியால ஏத்துங்க. அவசரப்படாதீங்க. அவசரப்பட்டா தாளுக்கு முந்தி உங்க உடுப்புதான் கலராகும்" என்று சொல்லி, மை போத்தல்களையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாராம்.

மை ஏற்றுவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பிரிண்டருக்குள் இரண்டு சின்ன டப்பா. காட்ரிஜ் என்று பேர். ஒன்றில் கறுப்பு. இன்னொன்றில் சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றும் தனித்தனி அறையில், எங்கள் லயத்துக் காம்பரா மாதிரி நடுச்சுவரோடு இருக்கும். மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்தால் ஊசித்துளை தெரியும். எந்தத் துளைக்குள் எந்த நிறம் என்று பார்க்க விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை ஒடித்து உள்ளே விட்டு எடுப்பாள். உள்ளே பஞ்சு. அதில் ஊசியை இறக்கி, மெதுவாக, மிக மெதுவாக அமுக்குவாள். கைப்பிள்ளைக்குச் சங்கில் பால் புகட்டுவது மாதிரிதான். வேகமாகப் புகட்டினால் புரையேறும். இதுவும் அப்படித்தான், மேலே கக்கிவிடும். கக்கியதைத் துடைக்கப் புருசன் இடுப்பில் கட்டிக் கழித்த பழைய சாரத்தைக் கிழித்து வைத்திருந்தாள். அந்தச் சாரம் இப்போது கோயில் கொடி மாதிரி எல்லா நிறத்திலும் இருக்கிறது.

ஒரு தடவை மஞ்சள் அறைக்குள் நீலத்தை ஏற்றிவிட்டாள். அன்றைக்கு அடித்த ரோசாப்பூ, பாசி பிடித்த கூரைத் தகரம் மாதிரி வந்தது.

இந்த மெசினிடம் ஒரு கெட்ட குணம் இருக்கிறது. டப்பா நிறைய மை இருந்தாலும் "மை இல்லை, மை இல்லை" என்று விளக்கைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். பழைய கணக்கையே நினைத்துக்கொண்டிருக்குமாம். சுதர்ஷினி ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பாள். கடைசியில் அது அலுத்துப்போய் வேலை செய்ய ஆரம்பிக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். நானும் எங்கள் வீட்டில் அப்படித்தான் காரியம் சாதிக்கிறேன்.

குளிர் இன்னொரு தொல்லை. ஒரு நாள் சும்மா போட்டு வைத்தால் மை வாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதனால் தினமும் எல்லா நிறமும் வருகிற மாதிரி ஒரு ரோசாப்பூ அடிப்பாள். அந்தப் பூவைத் தூக்கிப் போட மனம் வராமல் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். எங்கள் லயத்தில் சுவரில் ரோசாப்பூ இல்லாத காம்பரா கிடையாது. ஈரம் படாமல் இருக்க மெசினுக்கு ஒரு கம்பளித் துண்டு போர்த்தி வைப்பாள். "எனக்கே ஒரு கம்பளி வாங்கித் தர ஆளில்ல, இதுக்கு இருக்கு" என்று நான் சொன்னதற்கு, "நீங்களும் தினமும் ஒரு பூ குடுங்க அம்மாயி, உங்களுக்கும் போத்துறேன்" என்றாள். வாய் மட்டும் அவள் அம்மாவுடையது.

விளையாட்டாகச் சொல்கிறேனே தவிர, அவளுக்கு அது விளையாட்டு இல்லை. புருசன் ஜெயகாந்தன் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறான். அவனுடைய அக்கா நாகலெட்சுமி அங்கேயே கார்மெண்ட்ஸில் வேலை. சுதர்ஷினிக்கும் அதே இடத்தில் வேலை பார்த்து வைத்துவிட்டாள். இவள் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஓர் அறையில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணக்கூட முடியவில்லையாம். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்.

"மூச்சு விடுறதுக்கே முறை வைக்கணும் போல இருக்கு அம்மாயி. நான் இங்கயே இருந்து என் கையால செய்யுறேன்" என்றாள்.

ஜெயகாந்தன் கெட்டவன் இல்லை. போனில் அவன் சொன்னது சுவர் வழியாக எனக்கும் கேட்டது. "சரி, திருவிழா வரைக்கும் பாரு. பள்ளிப் புள்ளைக படம் அடிச்சு எத்தன நாளைக்கு ஓட்டுவ? ஒழுங்கா ஒரு வேலை வந்தா இரு. வரலைன்னா அக்காகூடப் போய் சேந்துக்க."

ஒழுங்கான வேலை என்றால் எங்கள் பக்கத்தில் ஒன்றுதான் பெரிது. மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ். காம்பராவுக்கு ஒன்று போகும், பக்கத்துத் தோட்டங்களுக்கும் போகும். அதில் பேர் எடுத்தால் கலியாணம், சடங்கு, கருமாதி எல்லாம் தேடி வரும். அதுவரைக்கும் நோட்டீஸ் டவுன் அச்சகத்தில்தான் அடித்தார்கள். இந்த முறை சுதர்ஷினி கோயில் கமிட்டித் தலைவர் அழகனிடம் போய்க் கேட்டாள். துணைக்கு நானும் போனேன்.

அழகன் தலைவருக்கு இரண்டு பெருமை. ஒன்று கோயில், இன்னொன்று மீசை. எதற்கு முதலிடம் என்று நான் கேட்டதில்லை.

"ஊசி போட்டு அடிக்கிற நோட்டீஸ் நிக்குமா?" என்று கேட்டார்.

"அச்சகத்துல அடிச்சா அம்மன் கறுப்பா வருது தலைவரே. நான் செவப்புச் சேலையோட கலர்ல தர்றேன்" என்றாள் சுதர்ஷினி. "உங்க படமும் கலர்ல வரும்."

தலைவர் மீசையைத் தடவினார். "என் படத்தக் கொஞ்சம் பெருசாப் போடு."

"அம்மன விடவா?" என்று நான் கேட்டேன்.

"நான் அப்புடிச் சொல்லல பேச்சிக்கா. பாக்குறவங்களுக்குத் தெரியணும்ல."

பெரிதாகத்தான் போட்டாள். மேலே நடுவில் அம்மன். கீழே வலது மூலையில், தாளின் ஓரம் வரைக்கும் தலைவர். வெள்ளைச் சட்டை, விபூதி, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. எனக்கு எழுத்து தெரியாது, படம் தெரியும். அந்த நோட்டீஸைப் பார்த்து எனக்கே கண் நிறைந்துபோனது. கட்டுக் கட்டாக பிளாஸ்டிக் ஷொப்பிங் பையில் போட்டு, "மழையில நனைச்சுறாதீங்க, இது தண்ணில கரையுற மை" என்று சொல்லித்தான் கோயிலில் கொடுத்தாள். மழையை நினைத்தவள் மஞ்சளை நினைக்கவில்லை.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நோட்டீஸ் ஆனாலும் பத்திரிகை ஆனாலும் நாலு மூலையிலும் மஞ்சள் வைக்காமல் யார் கையிலும் கொடுக்கமாட்டோம். சனிக்கிழமை வேலை விட்டதும் பெண்கள் கோயிலில் கூடினோம். மஞ்சள் நன்றாகத் தண்ணீர் விட்டுக் குழைத்திருந்தது. பூசாரி முதல் நோட்டீஸை அம்மன் முன்னால் வைத்து, மூன்று மூலையில் மஞ்சள் தொட்டு, நாலாவது மூலையில் தொட்டார். அது தலைவர் இருந்த மூலை.

முதலில் மீசை இளகியது. பிறகு ஒரு பக்கம் வாய் ஓரமாக இறங்கி, தாடையைத் தாண்டி, வெள்ளைச் சட்டையில் ஊதாவும் பச்சையுமாகப் போய் நின்றது. நெற்றி விபூதிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு கிளம்பிக் கண்ணுக்குள் ஓடியது.

"தலைவரு அழுவுற மாதிரியே இருக்கு" என்றாள் ராசம்மா.

அப்புறம் யாரையும் பிடிக்க முடியவில்லை. பூசாரியே சாமிப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கினார். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டாவது நோட்டீஸிலும் அவரே மஞ்சள் வைத்துப் பார்த்தார். அதிலும் மீசை ஓடியது.

"இதக் கொண்டு போயி ஊருக்கெல்லாம் குடுக்கவா? நாளைக்கு ஞாயித்துக்கிழமை, அச்சகம் பூட்டு. திங்கக்கிழமை மொத பஸ்ஸுல நான் டவுனுக்குப் போறேன். அம்மன் கறுப்பா இருந்தாலும் பரவாயில்ல, நான் ஒழுங்கா இருந்தாப் போதும்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சுதர்ஷினி கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போனேன். கட்டிலுக்கு அடியில் இருந்த பிரயாணப் பை வெளியே வந்திருந்தது.

"பைய எதுக்கு எடுத்த?"

"தூசு தட்ட."

"தூசு தட்டுறவ சீலைய எதுக்கு மடிச்சு உள்ள வைக்கிற?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். "நாகலெட்சுமி அண்ணிக்குச் சொல்லணும் அம்மாயி. திங்கக்கிழமை தலைவர் போற பஸ்ஸுலயே நானும் ஏறிக்கலாம்."

"அந்த மீசைக்குப் பக்கத்துல உக்காந்து போவியா?" என்றேன். சிரித்துவிட்டாள். சிரித்ததும் மூளை வேலை செய்தது போலிருக்கிறது. எழுந்து மெசினுக்குப் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்தாள். கம்ப்யூட்டரில் என்னவோ செய்தாள். ஒரு தாள் வந்தது. நாலு மூலையிலும் வட்ட வட்டமாக மஞ்சள் நிறம்.

"மஞ்சளையும் மெசினே வச்சிருச்சு. இனிமே தண்ணியே வேணாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது மஞ்சள் இல்ல, மஞ்சளோட படம்."

"அம்மன் ஏத்துக்கும் அம்மாயி."

"அம்மனுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். மோந்து பாரு, மணம் இருக்கா?"

"கொஞ்சம் விட்டுக்குடுங்களேன்."

நான் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. அவள் வேலை போனாலும் போகட்டும், அம்மனுக்குப் படத்து மஞ்சள் வைக்க விடமாட்டேன் என்று நின்றேன். என் அடுப்படிக்குப் போய், மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மூலையில் அப்பிக் காட்டினேன். "இதுதான் மஞ்சள். பாத்துக்க" என்று அவள் அடுப்புக்கு மேலே செருகிவிட்டு வந்துவிட்டேன். அன்று நாங்கள் அதற்குமேல் பேசவில்லை. சுவர்கூடப் பேசவில்லை.

காலையில் கதவை உடைக்கிற மாதிரித் தட்டினாள். கையில் நேற்று நான் அப்பிய தாள். அடுப்புச் சூட்டில் மஞ்சள் நன்றாகக் காய்ந்திருந்தது. நல்ல தாளை வீணாக்க மனமில்லாமல் அன்றைய ரோசாப்பூவை அதிலேயே அடித்திருக்கிறாள். பூவின் ஓர் இதழ் சரியாக என் மஞ்சளின் மேல் விழுந்திருந்தது. இதழும் ஓடவில்லை, மஞ்சளும் ஓடவில்லை.

"அம்மாயி, மஞ்சள மொதல்ல வச்சுக் காயவச்சுட்டு, அப்புறம் அடிச்சா?"

நேற்றுச் சண்டை போட்டதை இருவரும் அந்த இடத்திலேயே மறந்துவிட்டோம்.

நேரே பூசாரியிடம் போனோம். தலைவரும் அங்கே இருந்தார். பூசாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுத்தே இல்லாத வெறுந்தாளுக்கு மஞ்சள் வைக்கிறதா? அப்புடி வழக்கம் இல்லையே."

"ஏன் சாமி, புதுச் சீலைக்கு மஞ்சள் வச்சுட்டுக் கட்டுறோமா, கட்டிட்டு வைக்கிறோமா?" என்று கேட்டேன்.

"வச்சுட்டுத்தான்."

"இது புதுத் தாளு. மஞ்சள் வச்சுட்டு எழுத்தக் கட்டிக்கிறோம்."

பூசாரி யோசித்தார். பிறகு வெறுந்தாள் கட்டை வாங்கி அம்மன் முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினார். தலைவர் மட்டும், "சாயங்காலத்துக்குள்ள என் கைக்கு வரணும். இல்லாட்டி காலையில பஸ்தான்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்தில் ஒரு வீட்டிலும் ஒழுங்காகச் சோறு ஆக்கவில்லை. அடுப்பு மட்டும் எல்லா வீட்டிலும் எரிந்தது. வெளியே மூடுபனி, வெயிலை நம்ப முடியாது. ஆளுக்குக் கொஞ்சம் தாளை வாங்கி, மூலைக்கு மூலை மஞ்சள் தொட்டு, அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டோம். காய்ந்த தாள் அப்பளம் மாதிரிச் சுருண்டது. சுருண்ட தாளை மெசின் விழுங்க மறுத்தது. அரிசி மூட்டையைத் தூக்கி வைத்துப் பார்த்தோம், போதவில்லை. கடைசியில் பலகைக்கு அடியில் தாளை அடுக்கி, மேலே ராசம்மாவை உட்காரவைத்தோம்.

"எந்திரிக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"உக்காருங்க சித்தி, உங்களத்தான் நம்பியிருக்கேன்" என்றாள் சுதர்ஷினி.

"முழங்காலுக்கு ஊசி கேட்டதுக்கு இந்த வேலையா குடுக்குற?"

ஆனால் தாள் இஸ்திரி போட்ட மாதிரி வந்தது. ராசம்மாவும் அதற்குப் பிறகு தேத்தண்ணியை உட்கார்ந்த இடத்துக்கே வரவழைத்துக் குடித்தாள்.

பாதியில் சிவப்பு தீர்ந்துவிட்டது. அம்மன் சேலை வெளுத்துக்கொண்டே வந்து ஒரு தாளில் மஞ்சளாகவே போய்விட்டது. சுதர்ஷினி காட்ரிஜை வெளியே எடுத்தாள். பெண்கள் எல்லாம் கதவை அடைத்துக்கொண்டு, பிரசவம் பார்க்கிற மாதிரி நின்றோம். ஈர்க்கை விட்டுப் பார்த்தாள். ஊசியை இறக்கினாள். வெளியே யாரோ, "தலைவரு வர்றாரு" என்றார்கள். அவள் கை ஒரு நொடி வேகமாக அமுங்கிவிட்டது. சிவப்பு மேலே கக்கி மஞ்சள் துளைப் பக்கம் வழிந்தது. நல்லவேளை, சாரத் துணி கையிலேயே இருந்தது, ஒற்றி எடுத்துவிட்டாள்.

"அடிக்க வேண்டியதுதானே?" என்றாள் ராசம்மா பலகையிலிருந்தபடி.

"கொஞ்சம் ஊறணும் சித்தி. இப்ப அடிச்சா சொட்டும்."

தலைவர் உள்ளே வந்தபோது மெசின் சும்மா இருந்தது. சுதர்ஷினி காட்ரிஜைத் துணியின் மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவசரப்பட அவளுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனாலும் நின்றாள். தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார், மெசினைப் பார்த்தார், பலகையில் இருந்த ராசம்மாவைப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார்.

பிறகு காட்ரிஜை மாட்டினாள். மெசின் வழக்கம்போல மை இல்லை என்றது. பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். கரகரவென்று தாளை இழுத்தது. அம்மன் சிவப்புச் சேலையோடு வெளியே வந்தாள். நாலு மூலையிலும் அசல் மஞ்சள்.

தலைவர் தாளைக் கையில் வாங்கி முதலில் தன்னைத்தான் தேடினார். எதற்கும் இருக்கட்டும் என்று சுதர்ஷினி அவரை மூலையிலிருந்து எடுத்து, நடுவில், அம்மனுக்கு நேர் கீழே, சின்னதாகப் போட்டிருந்தாள்.

"சின்னதாப் போச்சே."

"அம்மன் காலடியில இருக்கீங்க. அங்க பெருசா உக்காந்தா நல்லாவா இருக்கும்?" என்றேன்.

தலைவர் மஞ்சளை மோந்து பார்த்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார். மீசை இருந்த இடத்தில் இருந்தது.

"மழைக்கு ஓடுமா?"

"ஓடும் தலைவரே. பையில போட்டுத்தான் கொண்டு போகணும். பொய் சொல்லமாட்டேன்" என்றாள் சுதர்ஷினி.

"மழைக்கு நீங்களுந்தான் ஓடுவீங்க" என்றாள் ராசம்மா.

தலைவர் முதல் தடவையாகச் சிரித்தார். மிச்சத்தையும் அடித்து முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, கட்டைத் தன் சட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை பஸ் அவர் இல்லாமல்தான் போனது.

நோட்டீஸ் போன வீடுகளிலெல்லாம் தாளே மணக்கிறது என்று பேச்சு. கொடியேறுவதற்கு முன்னாலேயே பக்கத்துத் தோட்டத்துக் கமிட்டி ஆட்கள் வந்து, தங்கள் கோயிலுக்கும் இப்படியே, மஞ்சள் வைத்தே வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு கலியாணப் பத்திரிகையும் வந்தது.

நாகலெட்சுமி கொழும்பிலிருந்து போன் பண்ணியபோது சுதர்ஷினி காட்ரிஜுக்கு நீலம் ஏற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் மை. நான்தான் போனை அவள் காதில் பிடித்தேன். எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று அந்தப் பெண் கேட்டது எனக்கும் கேட்டது.

சுதர்ஷினி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த வேலைய வேற யாருக்காவது குடுத்துருங்க அண்ணி. எனக்கு இங்க மஞ்சள் காயப் போட்டிருக்கு" என்றாள்.